செய்தலும் செய்வித்தலும்



வினை உயிரை வந்தடையும் வாயில்களை நம் முன்னோர் எண்ணிக் காட்டியுள்ளனர். மனம், மொழி, மெய் என்பன மூன்று. அம்மூன்றினாலும் ஒரு செயலைத் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்பன மூன்று. மூன்றை மூன்றால் பெருக்க ஒன்பது. கிருதம், காரிதம், அனுமோதனம் என்று வடமொழி நூல்கள் கூறுவதும் இதனையே. கொல்லாமை விரதத்தை விளக்குமிடத்தில் இக்கணக்கை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தன் கையால் கொல்லாதவனும், பிறனை ஏவிக் கொல்வித்தாலோ, கொன்றவனைக் கண்டு உள்ளத்தால் உவந்தாலோ, அப்பாவத்தினின்றும் நீங்கினான் அல்லன் என்பது அதன் கருத்து.

தீவினைக்குச் சொன்ன இக்கணக்கு நல்வினைக்கும் பொருந்தும் என்பதை நாம் அத்துணை நினைப்பதில்லை. ஒரு நற்செயலையும் ஒன்பது வாயில்களால் வளர்க்கலாம். அங்ஙனமிருக்க, நம் வீடுகளில் பிள்ளைகளின் உடல்நலத்தைப் பற்றி நாம் என்ன செய்கிறோம்? "எழுந்து ஓடு", "வெளியே போய் விளையாடு", "அந்தக் கைப்பேசியைக் கீழே வை" என்கிறோம். இவை யாவும் ஒன்பதனுள் ஒன்றே. அதாவது, மொழியால் செய்வித்தல். மற்றை எட்டு வாயில்களும் அடைபட்டுக் கிடக்கின்றன. சொல்லுகிற நாம் நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம். கேட்கிற பிள்ளை நம் சொல்லைக் கேட்பதற்கு முன் நம் இருப்பைக் கண்டுவிடுகிறது.

ஆகவே, பெற்றோர் தம் மக்களோடு தாமும் சேர்ந்து உடலை உழைப்பிக்க வேண்டும் என்பதை அறத்தின் பக்கம் நின்று சிந்திப்போம்.

உடலைப் பேணுதல் தகுமா?

முதற்கண் ஓர் ஐயம் எழும். உடல் வேறு, உயிர் வேறு என்பது நம் சமயத்தின் அடிப்படை. பன்னிரண்டு பாவனைகளுள் அன்னியத்துவ பாவனை இதனையே நாள்தோறும் நினைக்கச் சொல்கிறது. அங்ஙனமாயின், வேறாகிய உடலை வளர்க்க ஏன் இத்துணை முயற்சி என்று சிலர் கேட்பர்.

விடை நம் நூல்களிலேயே உள்ளது. சல்லேகனை என்னும் இறுதி நோன்பை எப்பொழுது ஏற்கலாம் என்பதைச் சமந்தபத்திராசாரியார் இரத்தினகரண்டகத்தில் வரையறுக்கிறார். நீக்க இயலாத இடையூறு, பஞ்சம், மூப்பு, தீராத நோய் ஆகியன வந்துற்றபோது அறத்தின் பொருட்டு உடலை விடுதலே சல்லேகனை என்கிறார். இக்காரணங்கள் இல்லாத காலத்தில் உடலை வீணே அழியவிடுதலுக்கு அவர் இடம் தரவில்லை. உடல் நமக்கு உரியதன்று. ஆயினும் அறம் செய்யும் கருவியாக நம்மிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. இரவல் வாங்கிய பொருளைச் சொந்தப் பொருளினும் கருத்தாகக் காப்பது நல்லோர் வழக்கம் அன்றோ?

மேலும், முனிவர் தாங்க வேண்டிய துன்பங்களாகத் தத்துவார்த்த சூத்திரம் 22 பரீஷஹங்களைக் கூறுகிறது. பசி, நீர்வேட்கை, குளிர், வெப்பம் ஆகியவற்றோடு நடத்தல், அமர்தல், கிடத்தல் ஆகியனவும் அப்பட்டியலில் வருகின்றன. நடத்தலையும் அமர்தலையும் தாங்க வேண்டிய துன்பமாக வைத்ததன் பொருளென்ன? பழகாத உடல் நெடுநேரம் நேராக அமர்ந்திருக்கவும் இயலாது என்பதன்றோ? அரை மணி நேரம் சாமாயிகத்தில் அமர்ந்தால் முதுகு நோகிறது, கால் மரக்கிறது என்று கூறுவோர் நம்மில் பலர். அங்கே தடையாய் நிற்பது பக்திக் குறைவன்று, பயிற்சிக் குறைவே.

"எல்லாம் வினைப்பயன்; உடலின் கட்டமைப்பு நாமகர்மத்தால் வருவது; நாம் முயன்று என்ன ஆகும்?" என்பது இரண்டாம் ஐயம். என்பின் கட்டமைப்பை ஆறு வகைச் சம்ஹனனங்களாக நூல்கள் பிரிக்கின்றன. வீடுபேற்றிற்கு வஜ்ர விருஷப நாராச சம்ஹனனம் என்னும் முதல்வகை வேண்டுமென்றும், இப்பஞ்சம காலத்தில் அஃது இல்லையென்றும் கூறுகின்றன. இது சோர்ந்திருப்பதற்கான சான்றிதழ் அன்று. வினை பயன் தருவதற்கும் பொருள், இடம், காலம், பாவம் என்னும் சார்புகள் வேண்டும். பிறப்பால் வந்த என்பை நாம் மாற்ற இயலாது. அதனைச் சுற்றியுள்ள தசையைத் துரும்பாக விடுவதும் உரமாக்குவதும் நம் முயற்சியின்பாற்பட்டன. வலிமை குறைந்த காலத்தில் பிறந்தவர்க்கு முயற்சி மிகுதியாக வேண்டும் என்பதே அவ்வாகம உரையிலிருந்து நாம் கொள்ளத்தக்கது.

பிரமாதம் என்னும் சொல்

உலக வழக்கில் "பிரமாதம்" என்றால் மிகச் சிறப்பு என்று பொருளாகிவிட்டது. சமையல் பிரமாதம், சங்கீதம் பிரமாதம் என்கிறோம். நூல் வழக்கில் பிரமாதம் என்பது சோர்வு, கவனமின்மை. அச்சோர்வினால் உயிர்க்கு ஊறு செய்தலே ஹிம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் இலக்கணம் வகுக்கிறது. எனவே ஹிம்சையின் வேர் கத்தியில் இல்லை, சோர்வில் இருக்கிறது. பயனற்ற பேச்சுகள் 4, குரோதம் முதலிய கஷாயங்கள் 4, ஐம்பொறிகளின் வழிச் செல்லல் 5, உறக்கம் 1, பற்று 1 எனப் பிரமாதம் 15 வகைப்படும். பயனற்ற பேச்சுகளுள் உணவைப் பற்றிய பேச்சும் ஒன்று என்பதை நினைவில் கொள்க. தமிழ்மறையாகிய திருக்குறளும் பொச்சாவாமைக்கு ஓர் அதிகாரமும் மடியின்மைக்கு ஓர் அதிகாரமும் வைத்துள்ளது.

மாலையில் ஒரு வீட்டைப் பாருங்கள். தந்தை ஒரு திரையை நோக்குகிறார். தாய் ஒரு தொடரை நோக்குகிறார். பிள்ளை ஒரு விளையாட்டை விரலால் ஆடுகிறது. கண்ணும் செவியும் ஓடுகின்றன. கால்கள் மடங்கிக் கிடக்கின்றன. எந்த உயிரையும் நாம் கொல்லவில்லை என்று அமைதி கொள்கிறோம். ஆனால் அங்கே ஓர் உயிரின் உடல் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தேய்கிறது. அது நம் பிள்ளையின் உடல்.

தந்தையே ஆசானாகிய வரலாறு

பெற்றோர் மக்களுக்கு உடனிருந்து கற்பிக்கும் நெறியைத் தொடங்கி வைத்தவர் ஆதிபகவனாகிய விருஷப தேவரே. ஜினசேனாசாரியாரின் ஆதிபுராணமும், நம் தமிழகத்தில் வழங்கும் ஸ்ரீபுராணமும் அவர் வரலாற்றை விரிக்கின்றன. பிராமிக்கு எழுத்தையும், சுந்தரிக்கு எண்ணையும் அவரே கற்பித்தார். பாகுபலிக்கு வில்வித்தையும், குதிரை, யானை ஆகியவற்றின் இலக்கணமும், மருத்துவ நூலும் கற்பித்தார். ஆள் வைத்துக் கற்பிக்கும் வசதி இல்லாதவரா அவர்? நாடாளும் வேந்தர். ஆயினும் மக்களைத் தம் அருகில் இருத்தித் தாமே கற்பித்தார்.

துறவு பூண்டபோதும் அவர் முதலில் தாம் செய்தார். ஆறு திங்கள் உண்ணாது, அசையாது நின்றார். அவரிடம் கொண்ட அன்பினால் 4,000 அரசர்கள் உடன் துறந்தனர் என்று புராணம் கூறும். அவர்கள் பசியையும் நீர்வேட்கையையும் தாங்க மாட்டாமல் சில காலத்தில் நெறி தவறிக் காய், கனி, கிழங்குகளை நாடினர். அன்பு இருந்தது, நோக்கமும் நன்றாகவே இருந்தது. ஆனால் உண்மையுணர்வும் இல்லை, பழகிய உடலும் இல்லை. நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் மூன்றும் ஒருங்கு வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பின்னர் பரதனுக்கும் பாகுபலிக்கும் போர் மூண்டபோது, இரு பக்கத்துப் படைகளும் வீணே மடிய வேண்டா என்று அமைச்சர்கள் தடுத்தனர். உடன்பிறந்தார் இருவர் மட்டுமே கண்ணோக்குப் போர், நீர்ப்போர், மற்போர் என மூன்றினால் வெற்றி தோல்வியை முடிவு செய்வதென ஏற்பாடாயிற்று. மூன்றிலும் பாகுபலி வென்றார். மற்போரில் அண்ணனைத் தோளுக்கு மேல் தூக்கியவர், தரையில் மோதாமல் மெல்ல இறக்கினார். அக்கணமே உலகப் பற்றும் இறங்கியது. துறந்து சென்று ஓராண்டு அசையாது நின்றார்.

இவ்வரலாற்றில் உடல் வலிமை இருமுறை அறத்திற்குப் பயன்பட்டதைக் காண்க. முதலில் இரு படைகளின் உயிரைக் காத்தது. பின்னர், கொடி படர்ந்தபோதும் பெயராமல் நிற்கத் துணை செய்தது. சிரவணபெளகொளாவில், தன் தாய் காளலாதேவியின் விருப்பத்திற்காகச் சாமுண்டராயர் எடுப்பித்த 57 அடி உயரத் திருமேனியைக் கண்டோர் அறிவர். 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதனைச் செதுக்கிய சிற்பியர் துறவியின் உடலை மெலிந்து வற்றிய உடலாகச் செய்யவில்லை. அகன்ற தோளும் நிமிர்ந்த மார்பும் உறுதியான தொடையும் உடையதாகவே செய்தனர். மெலிவே துறவு என்பது நம் மரபு அன்று.

முடிச்சூர் கற்பித்த பாடம்

புராணத்தை விட்டு நம் ஊருக்கு வருவோம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாளை முடிச்சூர் மறவாது. அன்று பெய்த மழை, மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் எனப் பதிவாயிற்று. ஆதனூர்ப் பக்கத்திலிருந்து வரும் அடையாறு கரை கடந்தது. முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கின. தரைத்தள வீடுகளில் குடியிருக்க வழியில்லை. மீட்புப் படகுகள் தெருக்களில் வந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இப்பகுதியில் நீர் மீண்டும் சூழ்ந்தது.

அந்த இரவில் ஒரு வீட்டிற்கு என்ன வேண்டியிருந்தது? மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, பணம் இருந்தும் பயனில்லை. பாட்டியை மாடிக்குத் தூக்கிச் செல்ல இரண்டு தோள்கள் வேண்டியிருந்தன. ஓடும் நீரில் குழந்தையைத் தலைக்கு மேல் பிடித்து நடக்க உறுதியான கால்கள் வேண்டியிருந்தன. அரிசிப் பையையும் குடிநீரையும் படியேற்ற மூச்சு வேண்டியிருந்தது. இவை இருந்த வீட்டார் தம்மைக் காத்துக்கொண்டதோடு அடுத்த வீட்டாரையும் காத்தனர். பத்துப் படி ஏறினால் இளைக்கும் நிலையில் இருந்தோர், காக்கும் மனம் இருந்தும் காக்கப்பட வேண்டியவராயினர்.

உணவு, மருந்து, நூல், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் முதல் மூன்றையும் பணத்தால் ஓரளவு செய்துவிடலாம். அஞ்சினாரைக் காக்கும் அபயதானத்திற்கு நேரம் வந்தால் கையும் காலும் வேண்டும். நோயுற்றோர்க்கும் முதியோர்க்கும் முனிவர்க்கும் செய்யும் பணிவிடையை வையாவிருத்தியம் என்று அகத்தவங்களுள் ஒன்றாக வைத்துள்ளனர். படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்த மருமகளைக் கேளுங்கள். அத்தவத்திற்கு முதுகின் வலிமை எத்துணை வேண்டும் என்பதைச் சொல்வார். எனவே நாம் பிள்ளையோடு நடப்பதும் குதிப்பதும் அழகிய உடலுக்காக அல்ல. என்றோ ஒருநாள் பிற உயிரைத் தாங்க வேண்டிய தோளை இன்றே உருவாக்குகிறோம்.

கேளாமலே கிடைத்த உழைப்பு

இப்பகுதியில் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்களுள் பல, வந்தவாசி, செஞ்சி, ஆரணி வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து வேலையின் பொருட்டு வந்தவை. அவ்வூர்களில் நம் பாட்டனாரும் பாட்டிமாரும் உடற்பயிற்சி என்ற சொல்லையே அறியார். ஆனால் கழனியில் குனிந்தனர், கிணற்றில் இறைத்தனர், உரலில் இடித்தனர், சந்தைக்கும் ஜினாலயத்திற்கும் நடந்தனர். பொன்னூர் மலைக்கும் திருமலைக்கும் ஏறிச் சென்று வணங்கினர். பிள்ளைகளும் உடன் குனிந்து, உடன் நடந்து, உடன் ஏறினர். பெற்றோரும் மக்களும் சேர்ந்து உழைத்தல் அங்கே இயல்பாக நிகழ்ந்தது. இங்கே குழாயில் நீர் வருகிறது. வாசலில் பள்ளி வண்டி நிற்கிறது. அவ்வசதிகளை நாம் பழிக்கவில்லை. உரலையும் ஏற்றத்தையும் மீண்டும் கொணரவும் இயலாது. கேளாமல் கிடைத்ததை இனிக் கேட்டுப் பெற வேண்டும் என்பதே செய்தி.

தாம்பரத்திற்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. தாம்பரம் சானடோரியம் என்று இரயில் நிலையத்திற்குப் பெயர் வந்தது ஏன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? 1928இல் மருத்துவர் சௌரி முத்து இங்கே காசநோயாளர்க்கு ஒரு நிலையம் அமைத்தார். காசத்தைத் தீர்க்கும் மருந்துகள் கண்டறியப்படாத அக்காலத்தில் தூய காற்றும் வெயிலும் ஓய்வும் நல்லுணவுமே சிகிச்சையாக இருந்தன. காற்றுக்காகவும் வெளிச்சத்திற்காகவும் நாடி வந்த ஊரில், இன்று நாம் சன்னலை மூடிக்கொண்டு உள்ளே அமர்ந்திருக்கிறோம்.

இதன் விளைவை மருத்துவ உலகம் எண்ணால் கூறுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்கிறது. உழையாத தசை ஈர்ப்பதில்லை. வளரும் பருவத்தில் தாண்டியும் ஓடியும் பழகிய என்பு உறுதி பெறுகிறது. அவ்வுறுதி முதுமைக்கு வைப்பு நிதி போன்றது. பகல் வெளிச்சத்தில் வெளியே இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தோன்றுவது குறைகிறது என்பதும் ஆய்வில் கண்டதே. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை, 5 முதல் 17 வயது வரையுள்ளோர்க்கு நாள்தோறும் சராசரி 60 நிமிடமும், பெரியோர்க்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடமும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. 65 வயதைக் கடந்தோர்க்குத் தள்ளாடி விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சியும் வாரத்தில் 3 நாள் வேண்டும் என்கிறது. பிள்ளைக்கு மட்டுமன்று, தந்தைக்கும் தாய்க்கும் பாட்டனார்க்கும் ஒருசேரச் சொல்லப்பட்ட மருந்து இது.

ஒரு நாழிகை போதும்

சாமாயிகத்திற்கு ஒரு முகூர்த்தம் என்பர். அது 48 நிமிடம், அஃதாவது 2 நாழிகை. உடலுக்கும் அவ்வளவே ஒதுக்குவோம். காலையில் ஒரு நாழிகை, மாலையில் ஒரு நாழிகை. பிள்ளைக்கு எஞ்சிய நேரம் பள்ளி விளையாட்டில் நிறையும்.

காலை நாழிகை சூரியன் தோன்றிய பின்னரே தொடங்குக. தந்தை மின்தொடர் வண்டியைப் பிடிக்க ஓடுவதற்கு முன் 24 நிமிடம் மிச்சப்படுத்துவது அரிதன்று. இரவில் அதற்கேற்ப முன்னரே உறங்கினால் போதும். முதல் 15 நிமிடம் சேர்ந்து நடப்போம். முனிவர் நடக்கும்போது முன்னே நான்கு முழத் தொலைவைப் பார்த்து, உயிர்கள் மிதிபடாமல் அடிவைப்பர்; இரியா சமிதி என்பது அது. இல்லறத்தார் அதனை முழுமையாக மேற்கொள்ள இயலாவிடினும் பிள்ளைக்குப் பழக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் நம் தெருக்களில் மரவட்டையும் நத்தையும் மண்புழுவும் ஊரும். "பார்த்து வை" என்று நாம் சொல்லாமலே, நாம் கால் விலக்கி வைப்பதைக் கண்டு பிள்ளை தானும் விலக்கும். அவை மிகுந்த நாளில் மொட்டை மாடியிலோ கூடத்திலோ நடப்போம். உடற்பயிற்சியில் உயிர்கள் மிதிபடுமே என்று அஞ்சி அதனைக் கைவிடுவோர்க்கு இதுவே விடை.

அடுத்து, உட்கார்ந்து எழுதல், கைகளை உயர்த்தி இறக்குதல், சுவரைப் பற்றி ஒற்றைக் காலில் நிற்றல் ஆகியவற்றை ஒவ்வொன்றும் 9 முறை செய்வோம். இறுதியில் காயோத்சர்க்கம். இரு பாதங்களுக்கிடையே நான்கு விரற்கடை இடம் விட்டு, கைகளைத் தொங்கவிட்டு, நிமிர்ந்து நிற்போம். 9 பஞ்ச நமஸ்காரத்தை 27 உயிர்ப்பில் நினைத்தல் மரபு. ஒரு மந்திரத்திற்கு மூன்று உயிர்ப்பு. ஓடியாடிய பிள்ளை அசையாது நிற்கக் கற்பது இங்கேதான்.

மாலை நாழிகை விளையாட்டுக்கு உரியது. கயிறு தாண்டுதல், பாண்டி, கண்ணாமூச்சி, பந்து எறிந்து பிடித்தல் எதுவாயினும் ஆகுக. தாயும் ஆட வேண்டும். "வீட்டு வேலையே எனக்கு உடற்பயிற்சி" என்று தாய்மார் கூறுவர். வீட்டு வேலையும் உழைப்பே, ஐயமில்லை. ஆனால் அதில் குனிவும் நிற்றலும் மிகுதி. நிமிர்வும் மூச்சு விரிவும் குறைவு. மேலும் தாய் தனியே உழைப்பதும் மற்றையோர் அமர்ந்து பார்ப்பதும் அறமாகாது. பாத்திரம் துலக்குதலையும் வீடு பெருக்குதலையும் ஆண்மக்கள் உள்ளிட்ட யாவரும் பகிர்ந்துகொண்டால் தாய்க்கு அந்த 24 நிமிடம் தானே கிடைக்கும். பின்னர் சூரியன் மறையுமுன் உண்போம். உழைத்த பசியோடு உரிய நேரத்தில் உண்ணும் பிள்ளைக்கு இரவு உண்ணாமை சுமையாகத் தோன்றாது. பயறும் பருப்பும் கீரையும் பாலும் மோரும் உள்ள நம் உணவு, வளரும் தசைக்குப் போதுமானதே.

இதய நோய், மூட்டு நோய் உடையோர் மருத்துவரைக் கேட்டு, அவர் சொன்ன அளவில் நிற்க. எழ இயலாத பாட்டனார் நாற்காலியில் அமர்ந்து எண்ணிச் சொல்லட்டும். கைகளை மட்டும் அசைக்கட்டும். மகிழ்ந்து பார்ப்பதும் உடன்படுதல் என்னும் வாயிலே ஆகும்.

காட்டுதலும் கடிதலும்

ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பித்த சிறு நுட்பம் ஒன்று. குழந்தைகளுக்கு எதிரே நின்று அபிநயப் பாடல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை "வலக்கையை உயர்த்து" என்று சொல்லும்போது தம் இடக்கையை உயர்த்த வேண்டும். ஏனெனில் குழந்தை சொல்லைக் கேட்டுச் செய்வதில்லை. கண்ணாடியில் காண்பது போல எதிரே கண்டதைச் செய்கிறது. பல்லாண்டு வகுப்பறையில் நின்று நாம் கண்ட உண்மையும் இதுவே. உடற்பயிற்சி வேளையில் மரநிழலில் நின்று ஊதல் மட்டும் ஊதினால் வரிசை கோணும். ஆசிரியரும் கையை உயர்த்திக் குனிந்து நிமிர்ந்தால் வரிசை தானே நேராகும். 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய நாள் முதல் நம் நாட்டில் இதற்கெனவே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கின்றனர். வண்டலூருக்கு அப்பால் மேலக்கோட்டையூரில் இதற்கென ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. ஆயினும் வீட்டிற்கு ஓர் உடற்கல்வி ஆசிரியரை எந்தப் பல்கலைக்கழகமும் அனுப்ப இயலாது. அப்பணி பெற்றோருடையது.

தந்தை உடனாடிய வீட்டின் பயனுக்கு நம் தமிழகத்திலேயே சான்றுண்டு. டி.கே. இராமநாதன் தாமும் டென்னிஸ் ஆடுபவர். தம் மகனுக்குத் தாமே ஆட்டம் பழக்கினார். அம்மகன் இராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டனில் சிறுவர் பட்டம் வென்றார். 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரையிறுதிக்குச் சென்றார். அவர் மகன் இரமேஷ் கிருஷ்ணன் 1979இல் அதே சிறுவர் பட்டத்தை வென்றார். எல்லா வீட்டிலும் பட்டம் வாராது, வரவும் வேண்டா. ஆனால் தந்தை ஆடிய களத்தில் மகனும் பேரனும் ஆடினர் என்பது நாம் கொள்ளத்தக்க செய்தி.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் கூற வேண்டும். முதலாவது, எண்வகைச் செருக்கு. இரத்தினகரண்டகம் எண்ணும் எட்டனுள் வலிமைச் செருக்கும் உடற்செருக்கும் தனித்தனியே இடம்பெறுகின்றன. நற்காட்சிக்கு அவை மாசு. பிள்ளை வென்றால் "நீ அவனை அடித்துவிட்டாய்" என்று கொண்டாடாமல், "நேற்றினும் இன்று நன்றாகச் செய்தாய்" என்று சொல்வோம். தூக்கிய அண்ணனை மெல்ல இறக்கிய கைகளை நினைப்போம்.

இரண்டாவது, சொல்லால் செய்யும் ஹிம்சை. பருத்த பிள்ளையைப் பட்டப்பெயரிட்டு அழைத்தல், மெலிந்த பிள்ளையை உறவினர் முன் நகையாடுதல், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுதல் ஆகியன நம் வீடுகளில் அன்பின் பெயரால் நடக்கின்றன. எறும்பை மிதிக்க அஞ்சும் நாம் பிள்ளையின் உள்ளத்தை மிதிக்க அஞ்ச வேண்டாவா? உடலைப் பழிக்கக் கேட்ட பிள்ளை உடலை அசைக்கக் கூசும், அறைக்குள் ஒளியும். உடன் நடக்கும் தாய்க்கு அப்பழிச்சொல் வாயில் வாராது. மூச்சிரைப்பது என்ன என்பதை அவரும் அறிவாராதலின்.

ஒரு நியமம்

வாழ்நாள் முழுதும் ஏற்கும் விரதத்தை யமம் என்றும், காலவரையறையோடு ஏற்பதை நியமம் என்றும் நம் ஆசிரியர்கள் வகுத்துள்ளனர். பெரிய யமத்தை ஏற்றுக் கைவிடுதலினும் சிறிய நியமத்தை ஏற்று முடித்தல் நன்று. இவ்விதழ் உங்கள் கையில் கிடைத்த நாள் தொடங்கி அடுத்த இதழ் வரும் வரை மூன்று திங்கள் உள்ளன. அதுவரை நாள்தோறும் ஒரு நாழிகையேனும் மக்களோடு சேர்ந்து உடலை உழைப்பிப்போம் என்று குடும்பத்தார் யாவரும் ஜினாலயத்திலோ வீட்டு வழிபாட்டின் முன்னோ நியமம் ஏற்பீராக. நாட்காட்டியில் பிள்ளையே குறியிடட்டும். ஒருநாள் தவறினால் அதற்காக யாரையும் கடியாமல், மறுநாள் தொடர்க. மூன்று திங்களின் முடிவில் குடும்பத்தோடு பொன்னூர் மலைக்குச் சென்று, குந்தகுந்தாசாரியாரின் திருவடிகளை வணங்குக. முன்னர் எத்தனை இடத்தில் நின்று மூச்சு வாங்கினோம், இப்பொழுது எத்தனை இடத்தில் என்பதைப் படிகளே சொல்லும்.

மனத்தால் விரும்பி, மொழியால் அழைத்து, மெய்யால் உடன் செய்து, பிள்ளை செய்வதைக் கண்டு உள்ளம் உவந்தால், அடைபட்டுக் கிடந்த வாயில்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். "போ" என்னும் சொல்லை விடுத்து "வா" என்று எழுந்து நிற்போம்.

அருகன் திருவடி வாழ்க! அறம் ஓங்குக! எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க!